கடைசிச் சுற்றில் எவ்வளவு பணயம் வைத்திருக்க வேண்டும்?

கட்டபெட்டு கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள கட்டபெட்டைச் சேர்ந்தவன். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோராண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, இரவு உணவுக்கு முன் நாள்தோறும் ‘ஜெபர்டி’ நிகழ்ச்சியைப் பார்க்கும் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பியதும் எங்கள் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிச் சொல்லப்போக, கடந்த மாதம் கோத்தகிரியில் அதே முறையில் ஒரு வினாடி வினா நடத்தினோம். அதில் நானே போட்டியாளராக அமர்ந்து, கடைசிக் கேள்வி வரை முன்னிலையில் இருந்து, கடைசிக் கேள்விக்குச் சரியான விடையும் எழுதி, அதன் பிறகும் தோற்றேன். அந்தத் தோல்வியின் கணக்கைக் கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நிகழ்ச்சியைப் பார்த்திராதவர்களுக்காக ஆட்டமுறையைச் சொல்லிவிடுகிறேன். போட்டியாளர்கள் மூவர். பலகையில் ஆறு தலைப்புகள், ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஐந்து குறிப்புகள். மேல் வரிசையில் எளியவை இருக்கும், கீழே இறங்க இறங்கக் கடினமும் மதிப்பும் கூடும். இரண்டாம் சுற்றில் மதிப்புகள் இரட்டிப்பாகும். விடை தவறினால் அந்த மதிப்பு கழிக்கப்பட்டு, வாய்ப்பு மற்ற இருவருக்கும் போய்விடும். முதற்சுற்றில் ஒன்றும் இரண்டாம் சுற்றில் இரண்டுமாக ‘டெய்லி டபுள்’ பலகையில் மறைந்திருக்கும். அதைத் திறந்தவர் மட்டும் தம் கையிருப்பிலிருந்து விரும்பியதைப் பணயம் வைத்து விடை சொல்லலாம். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: முதலில் தலைப்பை மட்டும் அறிவிப்பார்கள், மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பணயத்தை எழுதுவார்கள், அதன் பிறகே குறிப்பு வெளிவரும். நாங்கள் டாலருக்குப் பதிலாகப் புள்ளிகள் வைத்துக்கொண்டோம். முதற்சுற்றில் 100 முதல் 500 வரை, இரண்டாம் சுற்றில் 200 முதல் 1,000 வரை. விடையைக் கேள்வி வடிவில்தான் சொல்ல வேண்டும் என்ற அவர்களுடைய விதியை மட்டும் கைவிட்டோம். ‘தொட்டபெட்டா என்பது என்ன?’ என்று ஒருவர் விடை சொன்னால் எங்கள் கூடத்தில் சிரிப்பை அடக்க ஆளிருக்காது.

கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது என்னிடம் 6,400 புள்ளிகள் இருந்தன. குன்னூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம் 4,600. வங்கியில் பணிபுரியும் அம்மையார் ஒருவரிடம் 2,500. தலைப்பு ‘விளையாட்டு’ என்று அறிவிக்கப்பட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிரிக்கெட்டில் யார் எந்த அணி என்பதுகூட எனக்கு நிலையாகத் தெரியாது. கையில் இருப்பதைப் பறிகொடுக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று 1,000 மட்டும் வைத்தேன். வந்த குறிப்போ, ‘இவ்விளையாட்டின் விதிகள் 1882இல் உதகை கிளப்பில் வரையறுக்கப்பட்டன’ என்பது. உதகைக்குப் போய்வரும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த செய்தி அது. ‘ஸ்னூக்கர்’ என்று எழுதினேன். அம்மையார் ‘பில்லியர்ட்ஸ்’ என்று எழுதித் தவறவிட்டார். இளைஞரும் ஸ்னூக்கர் என்றே எழுதியிருந்தார். ஆனால் 4,600 முழுவதையும் வைத்திருந்தார். அவருக்கு 9,200, எனக்கு 7,400.

முதற்பரிசு புத்தகங்கள். இரண்டாம், மூன்றாம் பரிசு ஆளுக்கு அரைக்கிலோ தேயிலைத் தூள். கட்டபெட்டுக்காரனுக்குத் தேயிலைத் தூள் பரிசு கொடுப்பது என்ன நியாயம் என்பது வேறு விவாதம். என் கேள்வி இதுதான்: எனக்குப் பழக்கமில்லாத தலைப்பில் நான் குறைவாக வைத்தது தவறா? எல்லாவற்றையும் வைத்த அந்த இளைஞர் செய்தது சரியா, அல்லது அதிர்ஷ்டமா?

அருவங்காடு வாசி எழுதியது:

ஐயா, உங்கள் பணயம் தவறு. அந்த இளைஞரின் பணயமும் புத்தகக் கணக்கின்படி தவறே. உங்கள் தவறு அவருடைய தவறைச் சரியாக்கிவிட்டது என்பதுதான் நடந்தது. எண்களை வைத்தே பார்ப்போம்.

இளைஞர் எல்லாவற்றையும் வைத்து விடையும் சரியானால் எட்டக்கூடிய உச்சம் 9,200. அதை ஒரே ஒரு புள்ளியால் தாண்ட உங்களுக்குத் தேவைப்பட்டது 2,801. அந்த எண்ணை எழுதியிருந்தால், உங்கள் விடை சரியாக இருக்கும் பட்சத்தில் மற்ற இருவரும் என்ன செய்தாலும் உங்களைத் தொட முடியாது. இரண்டாமவரின் கையிருப்பை இரட்டித்து, அதிலிருந்து உங்கள் கையிருப்பைக் கழித்து, ஒன்றைக் கூட்டுவது என்ற இந்தக் கணக்கை அந்நிகழ்ச்சியில் முன்னிலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். 2019 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 32 ஆட்டங்களில் வென்று 24,62,216 டாலர் சேர்த்திருந்த ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் அன்று தோற்றார். கடைசிச் சுற்றுக்கு முன் எம்மா பெட்சர் 26,600 டாலருடன் முன்னிலையில் இருந்தார், ஹோல்ஸ்ஹவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000. எம்மா வைத்த பணயம் 20,201. ஏன் அந்த விந்தையான எண் என்று கேட்டால், 23,400இன் இரட்டிப்பு 46,800. அதைவிட ஒரு டாலர் கூடுதலாக 46,801 வர வேண்டும், அவ்வளவுதான்.

இனி இரண்டாமவரின் பக்கம். அன்று ஹோல்ஸ்ஹவர் வைத்தது வெறும் 1,399 டாலர். ஒரே நாளில் 1,31,127 டாலர் வென்று சாதனை படைத்தவர் இவ்வளவு சிறிய தொகையை வைத்ததைக் கண்டு, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்றுகூடப் பலர் பேசினார்கள். அவர் கணக்கை அறிந்துதான் வைத்தார். எம்மா தம்மை முந்துவதற்கான தொகையைக் கட்டாயம் வைப்பார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படியானால் எம்மாவின் விடை சரியாக இருந்தால் ஹோல்ஸ்ஹவர் எதை வைத்தாலும் பயனில்லை. எம்மா தவறினால் அவர் 6,399க்கு இறங்கிவிடுவார். அப்போது எஞ்சும் ஒரே ஆபத்து, மூன்றாமவர் 11,000ஐ இரட்டித்து 22,000 ஆக்கிவிடுவது. 23,400இலிருந்து 1,399ஐக் கழித்தால் 22,001. தாம் தவறினாலும் மூன்றாமவரை ஒரு டாலரால் முந்தும் அளவுக்கு மட்டுமே வைத்தார். விடையைச் சரியாக எழுதியும் அவர் தோற்றது, எம்மாவும் சரியாக எழுதியதால்தான்.

இதை உங்கள் ஆட்டத்தின் மேல் போட்டுப் பாருங்கள். நீங்கள் 2,801 வைப்பீர்கள் என்று இளைஞர் எதிர்பார்த்திருந்தால், நீங்கள் தவறும்போது உங்களிடம் 3,599 எஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் 1,000க்கு மேல் வைக்காமல் இருந்தாலே, தாம் தவறினாலும் குறைந்தது 3,600 கையில் நின்று உங்களை முந்தியிருப்பார். அதே நேரத்தில் அம்மையார் 2,500ஐ 5,000 ஆக்கக்கூடும் என்பதால், விடை சரியாகும்போது அதைத் தாண்ட 401ஆவது வைக்க வேண்டும். ஆகவே 401க்கும் 1,000க்கும் இடையில் ஓர் எண்ணே அவருக்கு உரியது. முழுவதையும் வைப்பவர், நீங்கள் தவறித் தாமும் சரியாகச் சொன்னால் மட்டுமே வெல்வார். சிறிதாக வைப்பவர், நீங்கள் தவறினாலே பெரும்பாலும் வென்றுவிடுவார்.

கட்டபெட்டு கணக்கர் எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி. கணக்கு எழுதியே முடி நரைத்தவனுக்கு இந்தக் கழித்தல் தோன்றாமல் போனது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஓர் ஐயம் தீரவில்லை. தலைப்பே எனக்குச் சூனியம் என்னும்போது 2,801 வைத்துத் தவறினால் 3,599க்கு விழுவேனே? பயந்து 1,000 வைத்ததில் சிறிதும் நியாயம் இல்லையா?

அருவங்காடு வாசி எழுதியது:

பயத்தில் நியாயம் உண்டு, 1,000 என்ற எண்ணில் இல்லை. எதிராளி முழுவதையும் வைப்பவர் என்று நினைத்தால், சிறிதாக வைக்கும் நீங்கள் அவர் சரியாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தோற்பீர்கள். 2,801 வைத்திருந்தால், அவர் சரியாகவும் நீங்கள் தவறாகவும் சொல்லும்போது மட்டுமே அவரிடம் தோற்பீர்கள். அதாவது, அவர் துணிந்தவர் என்றால் உங்கள் அறியாமையைக் காரணம் காட்டிக்கூடச் சிறிய பணயம் நிற்காது. மாறாக, அவர் 1,000க்குள் அடங்கிவிடுபவர் என்று நினைத்தால் அவருடைய உச்சம் 5,600. அப்போது 799க்கு மேல் நீங்கள் வைக்கக் கூடாது. ஒன்றும் வைக்காமல் இருப்பதே உத்தமம். நீங்கள் வைத்த 1,000, துணிந்தவரைத் தடுக்கவும் போதாது, அடங்கியவரிடமிருந்து காக்கவும் உதவாது. வட்டமான எண் கைக்கு எளிதாக வந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

அந்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக நானும் வந்திருந்தேன் என்பதால் இதில் ஒரு சொல் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். அருவங்காட்டு நண்பரின் கணக்கில் குறை காண எதுவும் இல்லை; ஆனால் கட்டபெட்டு ஐயா தோற்றது கடைசிச் சுற்றில் அல்ல, ஆனைமுடியில்.

இரண்டாம் சுற்றில் 800 புள்ளிக்கான குறிப்பு ஒன்றை அவர் தம் கேள்வியில் சொல்லாமல் விட்டுவிட்டார். ‘மேற்குத் தொடர்ச்சி மலையின்’ என்று வாசிப்பவர் தொடங்கிய உடனேயே ஐயா மேசை மணியைத் தட்டி ‘தொட்டபெட்டா’ என்றார். குறிப்பின் மீதிப் பகுதி, ‘மட்டுமன்றித் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமும் இதுவே’ என்பது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்; மூணாறுக்கு அருகில் உள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். ஐயாவுக்கு 800 கழிந்தது. குன்னூர் இளைஞர் முழுக் குறிப்பையும் கேட்டு, ஆனைமுடி என்று சொல்லி, 800ஐ எடுத்துக்கொண்டார். ஐயா பொறுத்திருந்து சரியாகச் சொல்லியிருந்தால் அவரிடம் 8,000 இருந்திருக்கும், இளைஞரிடம் 3,800. அவர் எவ்வளவு வைத்தாலும் 7,600ஐத் தாண்ட முடியாது. அப்படி இரண்டாமவரின் இரட்டிப்புக்கும் எட்டாத முன்னிலையை அங்கே ‘ரன்அவே’ என்பார்கள். அந்நிலையில் கடைசிச் சுற்று வெறும் சடங்கு. விளையாட்டு என்ற தலைப்பைக் கண்டு வயிறு கலங்க வேண்டிய தேவையே ஏற்பட்டிருக்காது.

இதில் பாதிப் பழி போட்டி நடத்தியவர்களுக்கும் உண்டு. வாசித்து முடிக்கும் முன்பே மணியடிக்கலாம் என்று விட்டது பிழை. ஜெபர்டியிலும் 1984இல் தொடங்கிய பருவத்தில் அப்படித்தான் இருந்தது, 1985இல்தான் மாற்றினார்கள். இப்போது தொகுப்பாளர் கடைசி எழுத்தை வாசித்த பிறகே பஸ்ஸருக்கு உயிர் வரும். பலகையின் ஓரத்தில் உள்ள விளக்குகள் எரிவதைப் போட்டியாளர்கள் பார்க்கலாம். தொலைக்காட்சியில் நமக்கு அது தெரிவதில்லை. விளக்கு எரியும் முன் அழுத்தியவரின் பஸ்ஸர் கால் விநாடிக்கு வேலை செய்யாது. கால் விநாடி என்ன பெரிய காலம் என்று தோன்றும். மூவருக்கும் விடை தெரிந்த குறிப்பில் அந்தக் கால் விநாடியில் மற்றவர் முந்திவிடுவார். விடை தெரிந்தும் வாய்ப்பு கிடைக்காமல் பஸ்ஸரை மாறி மாறி அழுத்திக்கொண்டு நிற்பவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். அவர்களில் பலர் மெதுவானவர்கள் அல்லர், அவசரக்காரர்கள்.

குறிப்பை முழுதாகக் கேட்ட பிறகும் ஒரு சொல்லைத் தவறவிட்டுத் தோற்பது இன்னொரு வகை. 74 ஆட்டங்களில் தொடர்ந்து வென்று 25,20,700 டாலர் சேர்த்த கென் ஜென்னிங்ஸ், 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான 75ஆவது ஆட்டத்தில் எப்படி வீழ்ந்தார் என்று பாருங்கள். கடைசிக் குறிப்பு, தன் 70,000 பருவகால அலுவலகப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஆண்டில் நான்கு மாதங்கள் மட்டுமே வேலை செய்யும் நிறுவனம் எது என்பது. பருவகாலம் என்றதும் கிறிஸ்துமஸ் பொட்டலங்கள் நினைவுக்கு வர, அவர் ஃபெடெக்ஸ் என்று எழுதினார். பொட்டலம் சுமப்பவரை யாரும் அலுவலகப் பணியாளர் என்று சொல்வதில்லை. நான்கு மாதம் என்பது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம். விடை எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனம். அதை எழுதிய நான்சி ஜெர்க் வென்றார். அன்று இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுள்களையும் ஜென்னிங்ஸ் தவறவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடைசிக் குறிப்பு அவரை ஒன்றும் செய்திருக்காது.

தலைப்பைப் படிக்காமல் விடுவதும் உண்டு. 2011 பிப்ரவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினி ஜென்னிங்ஸையும் பிராட் ரட்டரையும் எதிர்த்து ஆடியபோது, ‘அமெரிக்க நகரங்கள்’ என்ற தலைப்பில் டொராண்டோ என்று விடை எழுதியது. கனடா நகரத்தை எழுதும் மனிதர் அங்கே இருக்க மாட்டார். ஆனால் வாட்சன் வைத்த பணயம் 947 டாலர் மட்டுமே என்பதால் அதன் முன்னிலைக்குச் சேதமில்லை. தனக்குத் தெரியாது என்பது அதற்கு ஓரளவு தெரிந்திருந்தது!

நம் மலைக்காரர்களிடம் மட்டும் நான் காணும் பிழை ஒன்று உண்டு. பள்ளியில் வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும்போது ஆண்டுதோறும் பார்க்கிறேன். ‘யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் முதலில் இடம்பெற்ற இந்திய மலை ரயில்’ என்றதும் பத்துக் கைகள் நீலகிரி என்று உயரும். முதலில் சேர்ந்தது 1999இல் டார்ஜிலிங். நம் ரயில் சேர்ந்தது 2005இல். அதில் சூடு கண்ட பிள்ளைகள், ‘1986இல் அமைக்கப்பட்ட நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம்’ என்று கேட்டால் நீலகிரி என்று சொல்லத் தயங்குகிறார்கள். அங்கேயோ நீலகிரிதான் விடை. கட்டபெட்டு ஐயாவைத் தொட்டபெட்டாவில் ஏற்றிவிட்டதும் இதே ஊர்ப்பாசம்தான். அதே ஊர்ப்பாசம் கடைசியில் ஸ்னூக்கரை எழுத வைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கொடைக்கானல் ஏரிச்சாலை எழுதியது:

ஐயா 1,000 வைத்ததன் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் வினாடி வினா நிகழ்ச்சி என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பவை சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 2012இல் சூர்யா தொடங்கிவைத்த ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ ஆகியவையே. அவ்விரண்டிலும் எதிராளி என்று ஒருவர் இல்லை. நான்கு விடைகளில் ஐயம் வந்தால் ‘போதும், விலகுகிறேன்’ என்று சொல்லி, அதுவரை வென்ற தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பேராசையில் ஊகித்துத் தவறினால் கீழே உள்ள உறுதித்தொகைக்கு விழ வேண்டியதுதான். அந்த ஆட்டத்தில் கையிருப்பைக் காப்பது கெட்டிக்காரத்தனம். ஆண்டுக்கணக்கில் அதைப் பார்த்த கண்ணுக்கு, நிறுத்திக்கொள்பவர் விவேகி, தொடர்பவர் சூதாடி என்று பதிந்துபோயிருக்கிறது.

ஜெபர்டியில் காக்கக் கையிருப்பு என்று ஒன்று இல்லை. தாம் சேர்த்த தொகையை வென்றவர் மட்டுமே எடுத்துச் செல்கிறார். இரண்டாமவர் 20,000 டாலருடன் நின்றாலும் 2 டாலருடன் நின்றாலும் அவருக்குக் கிடைப்பது 3,000 டாலர், மூன்றாமவருக்கு 2,000. 2023இல் உயர்த்தப்பட்ட பிறகு உள்ள நிலை இது. உங்கள் போட்டியில் அரைக்கிலோ தேயிலைத் தூள். 7,400 புள்ளிகளைக் காப்பாற்றினீர்கள். அவற்றைக் கொண்டு என்ன வாங்கினீர்கள்?

குன்னூர் சிம்ஸ் பூங்கா எழுதியது:

மாமா, ‘குன்னூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர்’ நான்தான் என்பதை இங்கே உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்லவில்லை. சொந்த அக்காள் மகனிடம் தோற்றதை எழுதக் கை வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்; அம்மா இதைப் படித்துவிட்டு நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அருவங்காட்டு அண்ணன் என்னுடைய பணயம் புத்தகப்படி தவறு என்று எழுதியிருக்கிறார். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாத மேடையில் அது தவறுதான். நானும் 700 வைத்திருப்பேன். ஆனால் என் எதிரில் இருந்தவர், ஏலச்சீட்டில் இருபது மாதமும் தள்ளுத்தொகை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கடைசி மாதம் வரை காத்திருந்து சீட்டை எடுப்பவர். பசுந்தேயிலை விலை ஏறிய மாதத்தில்கூட, இறங்கும்போது என்ன செய்வது என்று கவலைப்படுபவர். அவர் 2,801 என்று எழுதுவார் என்று நான் நம்பினால் என்னைப் போல் முட்டாள் இருக்க முடியாது. வட்டமாக 500 அல்லது 1,000 வைப்பார் என்று முடிவு செய்தேன். அப்படியானால் மாமாவின் விடை சரியா தவறா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் விடை சரியாக இருந்தால் போதும். அதன் பிறகு 3,000 வைத்தாலே வென்றிருக்கலாம் என்பது உண்மை. முழுவதையும் வைத்தது, இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் ஒரே அரைக்கிலோ என்பதால். மிச்சம் வைத்து என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் கவனிக்கவில்லை. முதற்சுற்றில் எல்லாரும் மேலிருந்து வரிசையாக 100, 200 என்று எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கீழ் வரிசையிலிருந்து தொடங்கினேன். ஹோல்ஸ்ஹவரைப் பார்த்துக் கற்றது. டெய்லி டபுள் மேல் வரிசையில் இருப்பது மிக மிக அரிது, பெரும்பாலும் கீழ் மூன்று வரிசைகளில்தான் ஒளிந்திருக்கும். பெரிய மதிப்புகளை முதலில் எடுத்துவிட்டால், அதைத் திறக்கும் நேரத்தில் வைப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். அன்று என்னிடம் 1,400 இருந்தபோது அது அகப்பட்டது. 1,400ஐயும் வைத்து 2,800 ஆக்கினேன். இரண்டாம் சுற்றில் மாமாவுக்கு ஒன்று அகப்பட்டபோது அவரிடம் 5,000க்கு மேல் இருந்தது. வைத்தது 200. விடை சரி. அவையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் மூச்சு விட்டேன். அங்கே 3,001 வைத்திருந்தால் ஆனைமுடியில் சறுக்கியதும் தெரிந்திருக்காது, ஸ்னூக்கரும் தேவைப்பட்டிருக்காது.

கட்டபெட்டு கணக்கர் எழுதியது:

உறவைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். முகம் தெரியாதவர்களிடமிருந்து நடுநிலையான தீர்ப்பு வேண்டும் என்று எண்ணினேன். சீட்டுக் கதையைப் பொதுவில் போட்டதற்கு உன் அம்மாவிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். டெய்லி டபுளில் 200 வைத்தது எனக்கு நினைவில்கூட இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். 5,200 கையில் இருந்திருக்கிறது. தலைப்பு ‘தேயிலை’. முப்பத்தோராண்டுகள் அதே தொழிலில் இருந்தவன் தேயிலை பற்றிய கேள்விக்கு 200 வைத்ததைக் கண்டு எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஹெத்தையம்மன் திருவிழா முடிந்ததும் அடுத்த போட்டி நடத்துவதாக இருக்கிறோம். கூடலூர் ஆசிரியை சொன்னபடி வாசித்து முடித்த பிறகே மணியடிக்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டேன். விளக்குக்கு ஏற்பாடு செய்கிறோம், மின்சாரம் போனால் வாசிப்பவர் கையை உயர்த்துவார். ஒரே ஓர் ஐயம் மட்டும் மிச்சம். கடைசிச் சுற்றில் இருவர் சமப்புள்ளியில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் விதி இல்லை. அங்கே எப்படி?

அருவங்காடு வாசி எழுதியது:

முன்பு சமநிலை என்றால் இருவருமே வென்றவர்களாகக் கருதப்பட்டு, இருவருக்கும் தொகை கிடைத்து, இருவரும் மறுநாள் ஆட்டத்திற்குத் திரும்புவார்கள். 2014இன் தொடக்கத்தில் ஆர்தர் சூ என்பவர் அந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டு, ஒரு டாலர் கூடுதலாக வைக்காமல் வேண்டுமென்றே சமநிலைக்கான தொகையை வைத்து ஆடினார். இரண்டாமவரையும் தம்மோடு மறுநாளுக்கு அழைத்துச் செல்வதில் தமக்கு இழப்பில்லை என்பது அவருடைய வாதம். அதே ஆண்டின் இறுதியில் விதி மாறியது. இப்போது சமநிலை வந்தால் கூடுதலாக ஒரு குறிப்பு வாசிக்கப்படும். முதலில் பஸ்ஸரை அழுத்திச் சரியாகச் சொல்பவர் வென்றவர்.

உங்களுக்கு எது வேண்டும் என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள், ஏனென்றால் பணயத்தின் கடைசி இலக்கம் அதைப் பொறுத்தது. இருவரும் வென்றவர்கள் என்றால் 2,800 போதும். கூடுதல் குறிப்பு என்றால் 2,801. உங்கள் மருமகன் எந்த விதியாக இருந்தாலும் நீங்கள் 1,000 எழுதுவீர்கள் என்று நம்பிக்கொண்டு வருவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.